குத்தூசி முறை

ஒரு நல்ல ஆண்டின் விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். இதில் பேரம் கிடையாது. மாநிலத்தின் நலவிலை வாரியம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி, டீயும் முறுக்கும் சாப்பிட்டுவிட்டு இந்த விலையை அறிவிக்கும். நல்ல ஆண்டு என்றால் ஒரு மனிதன் நோய்நொடி இல்லாமல் வாழ்கிற ஓர் ஆண்டு. அப்படி ஓர் ஆண்டை ஒரு மருந்து இந்த விலைக்குள் வாங்கித் தருமானால் அரசு அதற்குப் பணம் கொடுக்கும். ஒரு ரூபாய் கூடினாலும் கையை விரித்துவிடும். உயிருக்கு விலை வைப்பதா என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசினார்கள். விருதுநகர் பஜாரில் மட்டும் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. இது மொத்த விலையா, சில்லறை விலையா என்று மட்டும் விசாரித்தார்கள்.

ராஜகனி அந்த பஜாரில் வளர்ந்தவள். சுகாதாரப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீட்டுக்குத் தாய்மாமன் தவசிலிங்கம்தான் எல்லாம். தவசி அண்ணாச்சி மிளகாய் வத்தல் மண்டி என்றால் தேனி, ராமநாதபுரம் வரை தெரியும். ஆராய்ச்சிப் படிப்பு எத்தனை வருஷம் என்று அவர் கேட்டபோது, நாலாகலாம், ஐந்தும் ஆகலாம் என்றாள். முடித்தால் என்ன சம்பளம் என்றார். சொல்ல முடியாது என்றாள். அவர், வத்தலைக் குளிர்கிடங்கில் போட்டுவைக்கிற கதைதான் இது என்று தானே ஒரு முடிவுக்கு வந்தார். திறக்கும் நாளில் என்ன விலை போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பாதியில் வெளியே எடுத்தால் சரக்கு கெட்டுவிடும். அன்றிலிருந்து விடுதிக் கட்டணம், புத்தகம், கம்ப்யூட்டர் எதற்கும் அவர் கணக்குக் கேட்டதில்லை. டீயில் சர்க்கரை குறைந்ததற்காகக் கடைக்காரரிடம் கால் மணி நேரம் வழக்காடுகிற மனிதர் அவர்.

அந்த வழக்குகள்தான் இப்போது சுருங்கிக்கொண்டு வந்தன. ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது. வத்தல் தூசியை நாற்பது வருஷம் உள்ளே இழுத்தால் நுரையீரல் நார் நாராகிவிடுகிறது. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பஜார் அதை 'நெடி' என்று முடித்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவர்கள், தரம் பிரிக்கிற பெண்கள், கல்லாவில் இருக்கிறவர்கள் என்று எல்லோருக்கும் பாகுபாடில்லாமல் வந்தது. கெட்டுப்போன நுரையீரலைத் திரும்ப வளர்க்கிற ஊசி ஒன்று புதிதாக வந்திருந்தது. மாதம் ஒன்று, ஆயுள் முழுக்க. ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மண்டியை விற்றால் சில வருஷத்துக்கு ஊசி போடலாம், அப்புறம் மண்டியும் இருக்காது ஊசியும் இருக்காது என்று அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

வாரியம் ஏற்றால் ஊசி எல்லோருக்கும் இலவசம். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வாரியத்துக்கு ஓர் எண் தேவை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்கிற வேலைதான் ராஜகனியின் ஆய்வாக வந்து சேர்ந்தது. வீட்டில் நெடி உள்ள உறவினர் உண்டு என்று அவள் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். நெடி இல்லாத வீட்டுப் பிள்ளையை இந்த ஜில்லாவில் எங்கே தேடுவது என்று பல்கலைக்கழகக் கமிட்டி அனுமதித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, அப்படி என்னதான் படிக்கிறாய் என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஒரு கவசம் இருக்கு மாமா. நோயாளி தலையில அத மாட்டிக் கால் மணி நேரம் பதிவு எடுப்பாங்க. அப்புறம் நல்லா இருக்கிற ஒருத்தர் அதப் போட்டுக்கிட்டா, நோயாளியோட ஒடம்பு எப்படி இருக்கோ, மனசு எப்படி இருக்கோ, அப்படியே இவருக்கும் தெரியும்."

"குல்லா."

"குல்லான்னே வச்சுக்குவோம். கழட்டினதும் நான் ஒரு கேள்வி கேப்பேன். இதே ஒடம்போட பத்து வருஷம் வாழணும். இல்ல, நோயே இல்லாம கொஞ்சம் கம்மியா வாழலாம். எத்தன வருஷத்த விட்டுக்குடுப்பீங்க?"

அண்ணாச்சி கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்தார். விலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பசி நின்றுவிடும். "எத்தன விட்டுக்குடுத்தா ஊசி வரும்?"

"சராசரியா அஞ்சுன்னு வந்தா, நெடி பாதி வருஷத்தத் தின்னுதுன்னு அர்த்தம். பாதி நல்ல வருஷத்தோட விலை ரெண்டு நாப்பது. ஊசி விலையும் ரெண்டு நாப்பது. சரியாப் போயிரும். நாலுன்னு வந்தா வராது."

"அப்ப அஞ்சு வேணும்."

"வேணும்னு நான் சொல்லக் கூடாது. ஒரு தடவைக்கு மேல கேக்கவும் கூடாது."

வாங்குகிறவன் வாயைத் திறக்கக் கூடாத வியாபாரத்தை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றார் அவர். பிறகு, குல்லாவுக்குள் இருக்கப்போவது யாருடைய நெடி என்று போகிறபோக்கில் விசாரித்தார். மூன்று பேர் ஆஸ்பத்திரியில் பதிவு கொடுப்பார்கள், பெயரை எனக்கே சொல்ல மாட்டார்கள் என்றாள் ராஜகனி. அண்ணாச்சி மோர் ஊற்றச் சொன்னார்.

இரண்டு வருஷம் அவள் கவசத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். சாத்தூர், சிவகாசி, திருமங்கலம், மேலூர். ஜவுளிக் கடைக்காரர், வாத்தியார், ஆட்டோ ஓட்டுகிறவர், பியூட்டி பார்லர் வைத்திருக்கிற அம்மா என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குக் குல்லா மாட்டினாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேள்வியைக் கேட்டாள். ஒருமுறைதான் கேட்டாள்.

சராசரி இரண்டு வந்தது.

இரண்டு என்றால் நெடி ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தின்கிறது. அதன் விலை ஒரு லட்சத்தைக்கூடத் தொடாது. ஊசி வராது. ராஜகனி கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் இரண்டுதான்.

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் எஸ்தர் ஞானசிகாமணி நாகர்கோவில்காரர். மெல்லப் பேசுவார். பாராட்டு என்ற பழக்கமே அவரிடம் கிடையாது. முடிவுகளைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, முறையில் குறையில்லை, சமர்ப்பித்தால் பட்டம் உறுதி என்றார். ராஜகனி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். எண் தப்பாக இருக்கிறது என்றாள்.

"எண் தப்பா, எண் பிடிக்கலையா?" என்றார் எஸ்தர். "நமக்குப் பிடிச்ச பதில் வர்றவரைக்கும் கேட்டுட்டே இருக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல பிள்ளே. அதுக்கு உங்க ஊர்ல வேற பேரு இருக்கும்."

இருந்தது. பேரம். ஒன்றே ஒன்று கேட்டாள். பேட்டிகள் முடியும்வரை ஆய்வாளர் அந்தப் பதிவுகளைப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது விதி. இப்போது முடிந்துவிட்டது. போட்டுப் பார்க்கலாமா என்றாள். தாராளமாக என்று எஸ்தர் சாவியை நகர்த்தினார்.

முதல் பதிவைப் போட்டதும் நெஞ்சு சணல்சாக்கு போல இறுகியது. மூச்சு தானாக வரவில்லை. கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல ஒவ்வொன்றையும் இழுக்கவேண்டியிருந்தது. ஆனால் ஆச்சரியம், அது பெரிய தொல்லையாகவே தெரியவில்லை. தலையில் எண்ணெய்க் குளிர்ச்சி. இடுப்பில் புது வேட்டியின் கஞ்சி விறைப்பு. வயிறு லேசாக இருந்தது. மனசோ நிறைந்து வழிந்தது. வாளி மேலே வந்துவிட்டது, பார், இதோ இன்னொன்றும் வந்துவிட்டது என்று ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே யாரோ கும்பிடுகிற மாதிரி இருந்தது. இப்படிப் பத்து வருஷம் வாழச் சொன்னால் என்ன, வாழலாமே என்று அவளுக்கே தோன்றியது.

அப்போதுதான் வலது கையைக் கவனித்தாள். மடியில் துண்டுக்கு அடியில் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது, மண்டியில் துண்டுக்கு அடியில் விரல் தொட்டு விலை பேசிப் பழகி, பேசாத நேரத்திலும் விலை பேசுகிற கை. ஆள்காட்டி விரல் நடுக்கணுவில் நீட்ட வரவில்லை. எடைக்கல் விழுந்து வளைந்துபோன விரல். சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பொருட்காட்சிக்குப் போயிருக்கிறாள்.

மற்ற இரண்டு பதிவுகளையும் போட்டுப் பார்த்தாள். வேறு உடம்புகள். அதே எண்ணெய், அதே புது வேட்டி.

மறுநாள் காலை மண்டிக்குப் போனாள். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். நீங்கள்தானா அது என்று கேட்டதும் தராசில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பிறகு ஒப்புக்கொண்டார். அவரும், எதிர்க்கடை எண்ணெய் வியாபாரியும், தெருமுனை கொத்தமல்லி வியாபாரியும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். முதல் நாளே எண்ணெய் தேய்த்துக் குளித்து, மூச்சு மருந்தை இரண்டு தரம் இழுத்து, இரண்டே இட்லியோடு நிறுத்திக்கொண்டு, நெஞ்சு கொஞ்சம் சொன்னபடி கேட்கிற காலை நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார்கள்.

"ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க?"

"என்னத்தா கேள்வி இது. சாம்பிள் காட்டச் சொன்னா எவனாச்சும் சொத்தையையா எடுத்து நீட்டுவான்? மூட்டை வாயில எது நல்லா இருக்கோ அதத்தான் காட்டணும். அதுலயும் எம் மருமக படிப்புக்குப் போற சரக்கு. நல்ல சரக்கா இருந்தா அஞ்சும் தன்னால வந்துரும்னு நெனச்சோம்." மூச்சு வாங்க நிறுத்தினார். "குல்லாவ மாட்டுனதும், நம்ம வீட்டுல ஒருத்தி டாக்டராகப் போறா, ஒண்ணுக்கும் ஆகாத இந்த நுரையீரலும் அதுக்கு ஒதவுதேன்னு நெனச்சேன். ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு தாயி."

ராஜகனி ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அந்தச் சந்தோஷத்தின் விலை மூன்று ஆண்டு. ஐந்தாக வரவேண்டியதை இரண்டாக்கியது அதுதான். நோயைப் பொறுத்துக்கொண்டு நன்றி சொல்கிறவனுக்கு மருந்து கிடையாது, முக்கிமுனகுகிறவனுக்கு உண்டு என்று ஒரு கவசமும் ஒரு வாரியமும் சேர்ந்து சட்டம் போட்டிருக்கின்றன. அதை யாரும் கவனிக்கவில்லை.

அவள் விளக்கிச் சொன்னதும் அண்ணாச்சியின் முகம் மாறியது. தனக்கு ஊசி வராவிட்டால் போகிறது என்பதுபோல் முதலில் கையை ஆட்டினார். பிறகு வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்களுக்கும் வராதா என்று கேட்டார். யாருக்கும் வராது என்றாள்.

"நாளைக்கே போயி, குல்லாவ மாட்டிக்கிட்டு அழுதுட்டு வந்துர்றோம். மூணு பேரும்."

"அது சொத்தையாப் பொறுக்கி நீட்டுறது மாமா. அதுவும் பொய்தான்."

அந்த நேரம் தேனியிலிருந்து வாங்க வந்த ஒருவர் அண்ணாச்சியைக் கும்பிட்டு, குடும்ப நலம் விசாரித்து, கொடுத்த காபியைக் குடித்தார். குடித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து குத்தூசியை எடுத்து ஒரு மூட்டையின் வயிற்றில் சொருகி, குழாயில் வந்த வத்தலை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அடுத்த மூட்டையில் அடிப்பக்கம். அடுத்ததில் முதுகு. அண்ணாச்சிக்கும் கோபமில்லை, அவருக்கும் கூச்சமில்லை. மூட்டை வாயை நம்பி வாங்குகிறவன் பஜாரில் கிடையாது. பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறான் என்று ராஜகனிக்குத் தோன்றியது.

இனி என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் செய்யவேண்டியதுதான் கசந்தது. பதிவு கொடுத்தவர் ஆய்வாளரின் மாமன் என்றால் ஆய்வு செல்லாது. அதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று அண்ணாச்சி தணிந்த குரலில் கேட்டார். பதிவுமுறையில் குறை என்று மட்டும் சொல்லிவிட்டு, உறவை விட்டுவிடலாமே. அவள் பஸ்ஸில் மதுரைவரை அதையேதான் யோசித்தாள். திருமங்கலம் தாண்டும்வரை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"ரெண்டு வருஷ வேலை போயிரும். உதவித்தொகையும் நின்னுரும். தெரிஞ்சுதான் சொல்றியா?"

தெரியும் என்றாள். எஸ்தர் ஜன்னலைப் பார்த்தபடி, முப்பது வருஷமாக இந்தக் கவசப் பதிவுகளை வைத்து எத்தனை மருந்தை ஏற்றோம், எத்தனையைத் தள்ளினோம் என்று யாரையோ கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே வாரியத்துக்கு எழுதினார். பழைய ஆய்வைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், குற்றம் நெறியாளருடையது என்றும் அந்தக் கடிதத்தில் இருந்தது. ராஜகனிக்கு அது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

புதிய ஆய்வில் ராஜகனி முறையை மட்டும் வகுத்தாள். ஆட்களைத் தேர்ந்ததும் பேட்டி எடுத்ததும் கோயம்புத்தூரில் வேறொரு குழு. பதிவு கொடுப்பவர் கவசம் மாட்டி உட்காரவேண்டியதில்லை. நூல்போல மெலிந்த பட்டை ஒன்றை ஒரு மாதம் கழுத்தில் போட்டிருந்தால் போதும். எப்போது பதிவு எடுக்கும் என்று அவருக்கும் தெரியாது, எவருக்கும் தெரியாது. மாடிப்படியில் எடுக்கும், கக்கூஸில் எடுக்கும், பேரன் தூக்கச் சொல்லி முடியாமல் போகும்போது எடுக்கும். ஆய்வேட்டில் இதற்குக் குத்தூசி முறை என்று பெயர் வைத்தாள். டெல்லியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் இது எந்த அறிஞரின் பெயர் என்று கேட்டார். எஸ்தர் முகம் மாறாமல், விருதுநகரில் பலபேர் பயன்படுத்துகிறார்கள் என்றார்.

உதவித்தொகை நின்ற அந்தக் காலம் முழுக்க அண்ணாச்சி பணம் அனுப்பினார். கிடங்கு வாடகை என்று மட்டும் சொன்னார். அவர் இப்போது கல்லாவில் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. பேரத்தை விரல்களிலேயே முடித்துக்கொண்டார்.

புதிய சராசரி ஆறரை. வாரியம் மறுபேச்சில்லாமல் ஊசியை ஏற்றது. முதல் நாள் வரிசையில் லோடுமேன்களுக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றார். ஆயுள் முழுக்க வாங்குகிற வாடிக்கையாளருக்கு முதல் ஊசியாவது கொஞ்சம் மெலிசான ஊசியாகப் போடக் கூடாதா என்று நர்ஸிடம் கேட்டதாகத் தகவல்.

ஒரு வருஷத்தில் அவர் மாடி ஏறினார். இரண்டாம் வருஷத்தில் டீக்கடை வழக்குகள் பழைய நீளத்துக்கு வந்தன.

ஆய்வின் கடைசி அத்தியாயத்துக்காக ராஜகனி ஒரு சின்ன சோதனை வைத்தாள். வாரியத்துக்கு அது தேவையில்லை, அவளுக்குத்தான் ஓர் ஆசை. அந்த மூன்று பேரையும் பழையபடி நாள் சொல்லி அழைத்து, பழைய கவசத்தில், அதே காலை வேளையில் பதிவு எடுக்கச் செய்தாள். குணமான உடம்பை ஊர் எப்படி மதிப்பிடுகிறது என்று பார்க்க.

மூன்று பேரும் தாமதமாக வந்தார்கள். யாரும் எண்ணெய் தேய்க்கவில்லை. அண்ணாச்சி பதிவு நடக்கும்போதே, வழியில் ஆட்டோக்காரன் கூடக் கேட்டதையும், ராத்திரி சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்ததையும், ஆந்திரா சரக்கு வந்து விலை விழுந்துகிடப்பதையும் நினைத்துக்கொண்டிருந்தாராம். கோவைக் குழு அந்தப் பதிவுகளை ஆட்களுக்கு மாட்டிக் கேட்டது.

சராசரி இரண்டேகால்.

எஸ்தர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்து ராஜகனி பார்த்தது அன்றைக்குத்தான்.

"நோயாளி மாமாவ விட குணமான மாமா கால் வருஷம் மோசம். இத ஏட்டுல போடப் போறியா?"

"போடுவேன் மேடம். மூச்ச மறந்துட்டு உப்பப் பத்திக் கவலைப்படுறதுக்குத்தான அரசாங்கம் ரெண்டு நாப்பது குடுக்குது."

"அப்ப அந்தப் பழைய பதிவுல இருந்த நன்றியெல்லாம் எங்க போச்சு?"

 பஜாரில் எதுவும் காணாமல் போவதில்லை, கைதான் மாறும். அன்றைக்கு அந்தக் கவசத்தைக் கழற்றியதிலிருந்து ராஜகனிக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருந்தது. மாடிப்படி ஏறும்போதும், பஸ்ஸுக்கு ஓடும்போதும், இதோ எஸ்தருக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ஒரு மூச்சு வந்தால் அது வந்தது என்று தெரிந்தது. உள்ளே யாரோ கும்பிடுவதும் தெரிந்தது. அண்ணாச்சிக்கு இனி அது தேவையில்லை. அவரிடம் கேட்டால், எதைச் சொல்கிறாய், ஆட்டோக்காரனுக்கு யார் பதில் சொல்வது என்பார்.

ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது. கண்ணியமான நடையில் நாலு வரி எழுதவேண்டும். அவள் மண்டிப் பிள்ளை. அவளுக்குத் தெரிந்த நடையில்தான் எழுத வந்தது.

தவசிலிங்கம் கணக்கு. வந்தது: மாதம் ஓர் ஊசி. கொடுத்தது: ஒரு காலைப்பொழுது. கணக்கு நேர்.

எஸ்தர் ஞானசிகாமணி கணக்கு. கொடுத்தது: தன் பெயரில் ஒரு குற்றம். வந்தது: ஒன்றுமில்லை. கேட்கவும் இல்லை.

ராஜகனி கணக்கு. வந்தது: கிடங்கு வாடகை, ஒரு பட்டம், வாங்கி முடியாத மூச்சு. கொடுத்தது: இந்தப் பக்கம். பாக்கி நிற்கிறது.